குரைக்கிற நாய்க்கு வேலை கொடுங்கள்

(சிவகாசியில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"ஓயாமல் குரைக்கும் நாயை என்ன செய்வது?" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நோட்டீஸைப் பார்த்துவிட்டு, வேட்டுச் சத்தத்தை விற்றுப் பிழைக்கிற ஊரில் நாய்ச் சத்தத்துக்கு ஒரு கூட்டமா என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டலில் நியாயம் இருக்கிறது. உலகத்திலேயே உரக்கக் குரைத்த நாய் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சார்லி என்கிற கோல்டன் ரெட்ரீவர். 2012-ல் அடிலெய்டு நகரத்தில் அது குரைத்தபோது பதிவான அளவு 113.1 டெசிபல். நம் பட்டாசுக்கு 1999-ல் மத்திய அரசு போட்ட விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அளக்கும் முறை இரண்டுக்கும் வேறு, நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க முடியாது. இருந்தாலும் அந்தச் சார்லியை இங்கே கொண்டுவந்து ஒரு லட்சுமி வெடிக்கு முன்னால் விட்டால் கட்டிலுக்கு அடியில்தான் போய்த் தேட வேண்டும்.

ஆனால் வெடி வெடித்தால் அதோடு முடிந்தது. நாய் ராத்திரி பதினொன்றுக்கு ஆரம்பித்தால் விடியும்வரை விடாது. விடிந்தால் ஆலை வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். இரவெல்லாம் தூக்கம் கெட்டவர், கண் சொருகிக்கொண்டு, வெடிமருந்துக் கலவை நடக்கிற அறைக்குப் போய் உட்காருவது விளையாட்டான சங்கதி இல்லை. மற்ற ஊரில் இது அண்டை வீட்டுச் சண்டை. இங்கே இது உயிர்ப் பாதுகாப்போடு சேர்ந்த விஷயம். அதனால்தான் ஒப்புக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையில் இருந்த காலத்தில் இந்தப் புகாரோடு வருகிறவர்களிடம் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

"ஐயா, ஒரு ஊசியப் போட்டு இது வாய அடைக்க முடியுமா?"

"எப்பக் குரைக்குது அண்ணாச்சி?"

"எப்பவுந்தான்."

"நீங்க பக்கத்துல இருக்கும்போதுமா?"

கொஞ்சம் யோசிப்பார். "இல்ல, நான் இருந்தா பேசாமப் படுத்திருக்கும்."

"கட்டிப் போட்டிருக்கீகளா?"

"ஆமா, பின்ன? அவுத்து விட்டா ஆளக் கடிச்சிரும்ல?"

நோய் என்ன என்பதை அவரே சொல்லிவிட்டார். மருந்து என்ன என்பதையும் பாதி சொல்லிவிட்டார். வாயை அடைக்கிற ஊசி என்று ஒன்று கிடையாது. மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கலாம், தெளிந்ததும் மறுபடி குரைக்கும். குரல் நாணை வெட்டுகிற அறுவை ஒன்று உண்டு. நான் செய்ததில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன். காரணம் அப்படியே இருக்க, சத்தத்தை மட்டும் கரகரவென்று ஆக்கி என்ன பயன்?

நாய் சும்மா குரைப்பதில்லை. நாயின் மூதாதையான ஓநாய், வளர்ந்த பிறகு அபூர்வமாகத்தான் குரைக்கும். மனிதனோடு வாழ வந்த பிறகுதான் இந்தப் பழக்கம் நாயிடம் இவ்வளவு பெருகியது. அதாவது அது நம்மிடம் பேசுகிறது. ஹங்கேரி நாட்டில், புடாபெஸ்ட் நகரத்து எத்வெஷ் லொராண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்ராட்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நாய்க் குரைப்புகளைப் பல சூழ்நிலைகளில் ஒலிப்பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியன் வரும்போது குரைப்பது, விளையாடும்போது குரைப்பது, ஒரு மரத்தில் கட்டிவிட்டு எஜமானர் நடந்து போய்விட்டால் குரைப்பது என்று வகை வகையாக. 2005-ல் வெளியான அந்த ஆய்வின்படி, நாயே வளர்க்காதவர்கள்கூட எது எந்தச் சூழ்நிலைக் குரைப்பு என்று, குருட்டாம்போக்கில் சொன்னால் வருவதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். தாழ்ந்த தொனியில் இடைவெளி இல்லாமல் வந்தால் கோபம். உயர்ந்த தொனியில் விட்டு விட்டு வந்தால் தனிமை, தவிப்பு. உங்கள் காதுக்கு இது ஏற்கெனவே தெரியும். ராத்திரி எரிச்சலில் நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இனி நம் மாவட்டத்து நாய்களுக்கு வருகிறேன். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பு, நாட்டு நாய் இனங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்ட மூன்று இனங்களில் இரண்டு இந்த மண்ணைச் சேர்ந்தவை: ராஜபாளையம், சிப்பிப்பாறை. மூன்றாவது கர்நாடகத்து முதோல். 2005 ஜனவரியில் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதிலும் ராஜபாளையம் உண்டு. சிப்பிப்பாறை என்பது வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்தின் பெயர் என்பது, சென்னையில் விலை கொடுத்துக் குட்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்த இரண்டு நாய்களையும் நம் முன்னோர்கள் எதற்காகப் பேணினார்கள்? ராஜபாளையம் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும். சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு. ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, நீண்ட கால். கரிசல் காட்டில் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கிற ஓட்டக்காரன். அப்படிப்பட்ட நாய் வாயடக்கமாகத்தான் இருக்கும். துரத்துகிற நேரத்தில் குரைத்துக்கொண்டிருந்தால் மூச்சு எங்கே மிஞ்சும்? சிப்பிப்பாறை ஓயாமல் குரைக்கிறது என்று யாராவது என்னிடம் வந்தால், நாயைப் பார்ப்பதற்கு முன்னால் அது கட்டியிருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பேன்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பன்றியையும் முயலையும் நினைத்தபடி வேட்டையாட முடியாமல் போனது. சட்டம் சரியானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தால் வேலை போனவர்கள் பட்டியலில் நம் நாய்களும் இருக்கின்றன என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று பழமொழி சொல்கிறோம். வேலை இருந்த நாய்தான் அது. தலைமுறை தலைமுறையாக ஓடுவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பை, ஊர்ப் பெருமைக்காக வாங்கி, காம்பவுண்டுச் சுவருக்குள் நாலு முழச் சங்கிலியில் நிறுத்திவிட்டோம்.

வேலை இல்லாத அந்த நாய் தனக்குத் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்கிறது. கேட்டைக் காப்பது. பால்காரர் வருகிறார். குரைக்கிறது. அவர் பால் ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார், ஆனால் நாயின் கணக்கில், "நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான்." அடுத்து தபால்காரர். குரைத்தது, போய்விட்டார். தண்ணீர் லாரி. குரைத்தது, போய்விட்டது. ஒரு நாளைக்கு இத்தனை முறை ஜெயிக்கிற வேலையை எந்த நாயாவது விடுமா? அதோடு நாம் வீட்டுக்குள்ளிருந்து "சும்மா கிட சனியனே" என்று கத்துகிறோம். வீட்டுப் பெரியவரும் சேர்ந்து குரைக்கிறார் என்று அதற்கு இன்னும் தெம்பு வருகிறது.

சங்கிலி விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், விலங்கை அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். அடுத்த உட்பிரிவு நாயைப் பேர் சொல்லியே பேசுகிறது: வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கிற நாயை நியாயமான அளவுக்கு நடக்க, ஓடவிடாமல் இருப்பதும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. சிரிக்காதீர்கள், 1960-ல் ஐம்பது ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு அது ஒரு பணமே இல்லை என்பது சட்டத்தைத் திருத்தாதவர்களின் குறை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒரு வாரம் எதுவும் செய்யாதீர்கள். எந்த நேரத்தில், எதைப் பார்த்து, எவ்வளவு நேரம் குரைக்கிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு குரைக்கிறதா என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். அவர் ஏற்கெனவே குறித்து வைத்திருப்பார்.

தெருவைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்றால் தெருவை மறையுங்கள். கம்பி கேட்டின் கீழ்ப் பாதியில் ஒரு தகரமோ சாக்கோ அடித்துவிட்டால் பாதிச் சத்தம் அன்றைக்கே குறையும். நாயை முன்வாசலில் கட்டாமல் பின்கட்டில் விடுங்கள். சங்கிலி வேண்டியே இருக்கிறது என்றால், இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டு, அங்கேயும் இங்கேயும் போய்வர விடுங்கள். அது நிரந்தர ஏற்பாடு ஆகிவிடக் கூடாது.

அடுத்தது ஓட்டம். இதுதான் முக்கியம். நம் ஊர் வெயிலில் பகலில் அழைத்துப் போகாதீர்கள், தார் ரோடு பாதத்தைப் பொசுக்கிவிடும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கூட்டிப் போங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இனங்களுக்குத் தெருமுனைவரை போய் வருவது போதாது. கண்மாய்க்கரை, உழாமல் கிடக்கிற காடு என்று நீளமான இடத்துக்குப் போங்கள், நீண்ட கயிற்றில் ஓடவிடுங்கள். போகிற வழியில் அது மோந்து பார்க்கும், இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். மோந்து பார்ப்பதுதான் அதற்குச் செய்தித்தாள். சாப்பாட்டையும் தட்டில் கொட்டாமல் அங்கங்கே ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். வேலை கொடுங்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

பிறகு "போதும்" என்கிற சொல்லைக் கற்றுக்கொடுங்கள். குரைக்கும்போது தூரத்திலிருந்து கத்தாமல் பக்கத்தில் போங்கள். அது பார்ப்பதை நீங்களும் பாருங்கள். தணிந்த குரலில் "போதும்" என்று ஒருமுறை சொல்லுங்கள். மூச்சு வாங்க வாயை மூடுகிற அந்த நொடியில் ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுங்கள். நாளாக நாளாக வாயை மூடியிருக்கிற நேரம் கூடினால்தான் தீனி. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா "போதும்" என்று சொல்லி, அப்பா செருப்பை எடுத்து எறிந்தால் பலிக்காது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. வாயைக் கயிற்றால் கட்டிப்போடுகிறார்கள், பார்த்திருக்கிறேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. சித்திரை வெயிலில் வாயைக் கட்டினால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். மின்சார அதிர்ச்சி கொடுக்கிற கழுத்துப்பட்டையும் இணையத்தில் விற்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். பயத்தால் குரைக்கிற நாய்க்கு வலியையும் சேர்த்துக் கொடுத்தால், குரைப்பு நின்று கடி ஆரம்பிக்கும்.

சில குரைப்புகளுக்குக் காரணம் உடம்பில் இருக்கும். காதில் சீழ், உண்ணி, மூட்டு வலி. வயதான நாய் நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைத்தால், பேயைப் பார்க்கிறது என்று விபூதி போடாதீர்கள். மனிதர்களுக்கு வருவது போலவே அதற்கும் மறதி நோய் வரும். வெள்ளை ராஜபாளையத்தில் இன்னொன்று உண்டு, செவிடு. உடம்பில் நிறமி குறைவதற்கும் உள்காது கெடுவதற்கும் தொடர்பு இருக்கிறது. டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். செவிட்டு நாய்க்குத் தான் போடுகிற சத்தம் தெரியாது, பின்னால் யாராவது தொட்டால் திடுக்கிட்டுக் குரைக்கும். குட்டி வாங்கும்போது அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். செவிடு என்று தெரிந்தால் அடிக்கவேண்டாம், கைச்சைகையில் பழக்குங்கள். வழக்கமான குரல் மாறிக் கரகரத்து, எச்சில் ஒழுகி, தாடை தொங்கினால் கிட்டேயே போகாதீர்கள். அது ரேபிஸாக இருக்கலாம். கீறல் பட்டாலும் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள்.

தெரு நாய்கள் ஐப்பசி, கார்த்திகையில் அதிகமாகக் கத்துவது இனச்சேர்க்கைக் காலம் என்பதால். அதற்குக் கருத்தடை அறுவையைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. 2023-ஆம் ஆண்டு விதிகள் அந்தப் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்திருக்கின்றன. உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். விஷம் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் அதற்கு ஐந்து வருடம்வரை சிறை உண்டு.

இனி தீபாவளி. நமக்குக் கேட்கிற ஒலி அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ், நாய்க்கு 45,000 வரை கேட்கும். பின்லாந்தில் 13,700 வீட்டு நாய்களை வைத்து நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நாய்களுக்குச் சத்தத்தைக் கண்டு பயம் இருந்தது. அங்கே வெடி பெரும்பாலும் புத்தாண்டு இரவில்தான். நமக்கோ கோயில் கொடைக்கு வேட்டு, பங்குனிப் பொங்கலுக்கு வேட்டு, கல்யாணத்துக்கு வேட்டு, தலைவர் வந்தால் வேட்டு, கடைசி ஊர்வலத்துக்கும் வேட்டு. இதற்கு நடுவே, வானத்தில் புகை எழும்பி ஒரு சத்தம் கேட்டால் நாமே எந்த ஆலையோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறோம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடி விபத்தை இந்தப் பகுதியில் யார் மறந்தார்கள்? சத்தத்துக்குப் பயப்படுகிற நாயைக் கோழை என்று சிரிக்க நமக்குத்தான் முதலில் உரிமை இல்லை.

பட்டாசை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலில் சாப்பிட்ட வீடுகளில் என் வீடும் ஒன்று. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வெடியே வெடிப்பதில்லை. அவர்களை நான் கும்பிடுகிறேன். எல்லா ஊராலும் அது முடியாது. ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை வெடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொன்னது. 2018 தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வகுத்தது. இது எவ்வளவு பெரிய உதவி என்று நாய் வளர்ப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. சத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது. ஐந்து மணிக்கே வெளியே கூட்டிப் போய்விட்டு வந்துவிடலாம். சாயங்காலச் சாப்பாட்டை ஆறு மணிக்குள் முடித்துவிடலாம். பிறகு வீட்டின் நடு அறையில், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு, யாராவது ஒருவர் கூட உட்காருங்கள். தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆறுதல் சொன்னதால் யாருக்கும் பயம் கூடியதில்லை. கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். அன்றைக்கு அறுத்துக்கொண்டு ஓடுகிற நாய்கள் அதிகம்.

தீபாவளிக்கு முந்தைய மாதத்திலிருந்தே நாயைப் பழக்கவும் செய்யலாம். வெடிச் சத்தத்தை போனில் பதிவுசெய்து, நாய் காதை மட்டும் நிமிர்த்துகிற அளவுக்கு மெல்ல வைத்து, அப்போது பிடித்த தீனியைக் கொடுங்கள். சில நாள் கழித்து ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுங்கினால் உடனே குறையுங்கள். அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி இருக்கிறது. தொந்தரவு எல்லை மீறினால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கவும் வழி உண்டு. நாயின் இயல்பான குரைப்பைச் சகித்துக்கொள்ள வேண்டும், ஆனால் ராத்திரியில் அமைதிப்படுத்த வளர்ப்பவர் முயல வேண்டும் என்பது விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டல். இதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் சண்டைதான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். "உங்க நாய் நீங்க போனதும் அழுவுது தம்பி" என்று ஆரம்பியுங்கள். "உங்க நாயால தூக்கம் போச்சு" என்று ஆரம்பித்தால் அவர் நாயின் வக்கீலாகிவிடுவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், கால்நடை மருத்துவமனை பூட்டுகிற நேரத்தில், நடுங்குகிற நாயைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வருகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். பயத்தைக் குறைக்கிற மருந்துகள் உண்டு. ஆனால் எந்த நாய்க்கு எவ்வளவு என்று பார்த்து, ஒருமுறை கொடுத்துச் சோதித்து, அளவைச் சரிசெய்ய நாள் வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி ஊட்டாதீர்கள். புரட்டாசியிலேயே வந்துவிடுங்கள். வரும்போது ரேபிஸ் தடுப்பூசியையும் போட்டுக்கொண்டு போங்கள்.